பின்சீட்டில் உட்கார்ந்தவனுக்கும் பொறுப்பு உண்டு

மூணாவது வருஷ மினி ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் எடுத்தது, வருஷா வருஷம் யாராவது ஒரு டீம் எடுக்கிற அதே தலைப்புதான்: குடிச்சிருந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாத ஹெல்மெட். ஒரு எம்க்யூ-3 சென்சார், ஒரு ஆர்டுயினோ, ஒரு ரிலே. ரிவ்யூ அன்னைக்கு எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சது. கடைசியில மேடம் ஒரு கேள்வி கேட்டாங்க: "கூட இருக்கிற ஃப்ரெண்ட் ஊதிட்டு, ஹெல்மெட்டை இவன் தலையில மாட்டி விட்டா என்னப்பா பண்ணுவீங்க?"

எங்ககிட்ட பதில் இல்லை. மார்க் போனது வேற விஷயம். ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. காரணம், அந்த 'ஃப்ரெண்ட்' மாதிரி நானும் ஒரு தடவை இருந்திருக்கேன். ரெண்டாவது வருஷம் ஒரு பர்த்டே பார்ட்டி முடிஞ்சு, நல்லா குடிச்சிருந்த ஒரு சீனியரோட பைக்ல பின்னாடி உட்கார்ந்து ஹாஸ்டலுக்கு வந்தேன். நான் குடிக்கல. வழியில ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகாததாலயே அதை ஒரு தப்பா நான் நினைக்கல.

மேடம் கேள்விக்குப் பதில் தேடினப்போ ஜப்பான்ல இருக்கிற புகுவோகா நகரத்தோட கதை கிடைச்சது. அதைத்தான் இங்க பாடமா எழுதுறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு

நம்ம மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். ஆனா போலீஸ் ரோட்டில் ரத்தம் எடுப்பதில்லை, ஊதத்தான் சொல்றாங்க. நுரையீரலின் ஆழத்தில் இருக்கும் காற்றும் ரத்தமும் ஒரு சமநிலையில் இருக்கும். ரத்தத்தில் ஆல்கஹால் கூடினால் அதே விகிதத்தில் மூச்சிலும் கூடும். நாம படிச்ச ஹென்றி விதிதான் இது. அவங்க கருவியில் இருக்கிறது ஃப்யூயல் செல். பிளாட்டினம் மின்முனையில் எத்தனால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வரும் கரன்ட்டை அது அளக்கும். எங்க எம்க்யூ-3 டின் ஆக்சைடு சென்சார், சானிடைசர் வாசனைக்கே கத்தும்!

ஜப்பானில் எல்லையை மூச்சுக் கணக்கில் வெச்சிருக்காங்க. ஒரு லிட்டர் மூச்சில் 0.25 மில்லிகிராம்னு இருந்ததை 2002-ல் 0.15 ஆகக் குறைச்சாங்க. மூச்சை ரத்தக் கணக்குக்கு மாற்ற அங்கே பயன்படுத்துவது 2,000 என்ற விகிதம். 0.15-ஐ 2,000-ஆல் பெருக்கினால் ஒரு லிட்டர் ரத்தத்தில் 300 மில்லிகிராம், அதாவது 100 மில்லியில் 30. நம்ம எல்லையும் அதேதான்.

இன்னொரு கணக்கும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு, 100 மில்லி ரத்தத்தில் சுமார் 15 மில்லிகிராம் ஆல்கஹாலைத்தான் உடம்பு எரிக்கும். ராத்திரி 11 மணிக்கு அளவு 90 இருந்தால், 30-க்கு வர விடிகாலை 3 மணி ஆகும். லெமன் ஜூஸ், காபி, பச்சைத் தண்ணிக் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது.

புகுவோகாவில் நடந்தது

2006 ஆகஸ்ட் 25 ராத்திரி. வண்டு பிடிக்கப் போயிட்டு ஒரு குடும்பம் காரில் திரும்பிட்டு இருந்தது. கடல் மேல் இருந்த பாலத்தில் பின்னாடி வந்த ஒரு கார் மோதியதில், அவங்க வண்டி தடுப்பை உடைச்சுக்கிட்டு கடலில் விழுந்தது. அப்பா, அம்மா பிழைச்சாங்க. 4, 3, 1 வயசில் இருந்த மூணு குழந்தைகளும் இறந்து போனாங்க.

மோதினவர் குடிச்சிருந்தார். வயசு 22. என்னை விட ஒரே ஒரு வயசு அதிகம். அவர் புகுவோகா மாநகராட்சி ஊழியர். வண்டியை நிறுத்தி உதவாமல் கொஞ்ச தூரம் போய், ஒரு நண்பரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டு வரச் சொல்லிக் குடிச்சார். அந்த நண்பரையும் போலீஸ் கைது செஞ்சது.

பிறகு எடுத்த சோதனையில் லிட்டர் மூச்சில் 0.25 மில்லிகிராம். மேலே உள்ள கணக்குப்படி ரத்தத்தில் 50. இயல்பாக ஓட்டவே முடியாத நிலையில் இருந்தார்னு நிரூபிக்க இது போதாதுன்னு 2008-ல் மாவட்ட நீதிமன்றம் ஏழரை வருஷம்தான் கொடுத்தது. மேல்முறையீட்டில் 2009-ல் அது 20 வருஷம் ஆச்சு. 2011-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது.

சட்டம் யாரையெல்லாம் தொட்டது

இதுக்கு முன்னாடியே 1999-ல் ஒரு குடிபோதை லாரி மோதி ரெண்டு சின்னப் பெண் குழந்தைகள் இறந்தாங்க. அவங்க பெற்றோரும் மற்றவங்களும் நடத்திய கையெழுத்து இயக்கத்துக்குப் பிறகு, 2001-ல் ஆபத்தான ஓட்டுதலுக்குக் கடும் தண்டனை வந்தது. புகுவோகாவுக்குப் பிறகு, 2007 செப்டம்பரில் இருந்து வட்டம் பெருசாச்சு. குடிச்சவருக்கு வண்டி கொடுத்தவர், ஓட்டப் போறார்னு தெரிஞ்சே மது கொடுத்தவர், குடிச்சிருக்கார்னு தெரிஞ்சும் கொண்டுபோய் விடச் சொல்லி ஏறினவர் எல்லாரும் தண்டனைக்கு உரியவர்கள். வண்டி கொடுத்தவருக்கு ஓட்டினவருக்குக் கிடைக்கும் அதே தண்டனை.

உள்ளாட்சி அமைப்புகளும் சும்மா இருக்கல. தங்கள் ஊழியரே குடிச்சு ஓட்டினால் வேலை நீக்கம்னு நாடு முழுக்கப் பல மாநகராட்சிகள் விதியை இறுக்கின. 2012-ல் புகுவோகா மாகாணம் தானே ஒரு விதி கொண்டு வந்தது: அஞ்சு வருஷத்தில் ரெண்டாவது தடவை சிக்கினால் மதுவுக்கு அடிமையான்னு மருத்துவரிடம் காட்டியே ஆகணும். போகலைன்னா 50,000 யென் வரை அபராதம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். திரும்பத் திரும்பச் சிக்குறவரைக் குற்றவாளியா மட்டும் பார்க்காம நோயாளியாவும் பார்க்குது.

கடுமை ஒண்ணே போதுமா? இல்லை. எந்தச் சூழலையும் பார்க்காமல் வேலையை விட்டுத் தூக்கினது அதிகப்படின்னு சில வழக்குகளில் நீதிமன்றங்களே ரத்து செஞ்சிருக்கு. கூடவே, வீட்டுக்குப் போக ஒரு வழியும் அங்கே இருக்கு. 'டைகோ'ன்னு ஒரு சேவை. கூப்பிட்டால் ரெண்டு பேர் வருவாங்க. ஒருத்தர் உங்க காரை ஓட்டுவார், இன்னொருத்தர் பின்னாடியே வந்து அவரைக் கூட்டிட்டுப் போவார். இதெல்லாம் சேர்ந்துதான் 2000-ல் 1,200-ஐத் தாண்டி இருந்த குடிபோதை மரண விபத்துகள் 2022-ல் 120 ஆகக் குறைஞ்சது.

நம்ம ஊரில்

2019 திருத்தத்தின்படி முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். மறுபடியும் சிக்கினால் 15,000 ரூபாய், ரெண்டு வருஷம். தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தப்போ, பின்னாடி உட்கார்ந்து வர்றவங்க மேலயும் வழக்குன்னு சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அறிவிச்சாங்க. "நான் குடிக்கலையே சார், எனக்கு எதுக்கு?"ன்னு அப்போ எல்லாரும் மீம் போட்டோம். நானும் போட்டேன். ஆனா அது புது விதி இல்லை. குடிச்சு ஓட்ட உடந்தையா இருக்கிறவருக்கும் அதே தண்டனைன்னு 188-வது பிரிவு சொல்லுது.

மேடம் கேள்விக்கு இப்போ என்கிட்ட ஒரு பதில் இருக்கு. அந்த ஃப்ரெண்டைச் சென்சாரால் தடுக்க முடியாது. ஏமாத்த உதவி செய்றதும் குற்றம்னு அவனுக்குத் தெரியணும், மாட்டுவோம்னு அவன் நம்பணும், வீட்டுக்குப் போக வேற வழியும் இருக்கணும். இந்த மூணும் சர்க்யூட்டுக்கு வெளியே இருக்கிற விஷயங்கள்.

போன மாசம் ஃபேர்வெல் முடிஞ்சு ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன் சாவியை எடுத்தான். நான் கேட்டு வாங்கி என் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாவது நாள் காலையில ரூமுக்கு வந்து, "டேய், சாவி எங்கடா?"ன்னு கேட்டான்.

கொடுத்தேன்.