காலாண்டில் மதிப்பெண் குறைந்துவிட்டதா? கால்க்கில் கணக்குப் பாருங்கள்

வீட்டிற்குப் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கும் பெற்றோர் பலர், "பிள்ளை பிளஸ் டூ படிக்கிறான், உதவியாக இருக்கும்" என்றுதான் வாங்குகிறார்கள். அது எப்படி உதவும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால், "இந்தப் பெட்டியால்தான் கெட்டான்" என்று பழி மட்டும் கம்ப்யூட்டர் மீது வந்து விழும். அதே கம்ப்யூட்டரில் உள்ள ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைக் கொண்டு, போன மதிப்பெண் எங்கே போனது என்று கண்டுபிடிக்கும் வழியை இங்கு பார்க்கலாம். இது நானே செய்து பார்த்த வழி.

என் கதை

எங்கள் ஊர் ஏற்காடு. அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டர். நான் பிளஸ் டூ படித்தது 2014-15ல். அப்போது மொத்தம் 1200 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திற்கும் 200. காலாண்டில் கணக்கில் நான் பெற்றது 78. பாஸ் மார்க் 70 என்பதால் தேறியிருந்தேன். ஆனால் பொறியியல் படிக்க ஆசைப்பட்டவனுக்கு அது போதாது. "பேசாமல் பி.காம். சேர்ந்துவிடு, எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுத வரலாம்" என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ல் தொடங்கியது. அதில் அக்காவிற்குக் கிடைத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. ஒருநாள் மாலை மழை, கரண்ட் இல்லை. பேட்டரியில் அதை வைத்து விளையாடிக் கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "எஸ்டேட்டில் பழம் குறைஞ்சு போச்சுன்னு மட்டும் எழுதினா மேனேஜர் ஒத்துக்க மாட்டார். எந்தப் பகுதியில் குறைஞ்சது, ஏன் குறைஞ்சதுன்னு எழுதணும். நீ உன் பேப்பரை அப்படிப் பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. அன்று இரவே விடைத்தாளைப் பிரித்து வைத்துக் கொண்டு கால்க் திறந்தேன்.

பட்டியல் தயாரித்தல்

லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைப்பது. எக்ஸெல் வைத்திருப்பவர்களும் இதே வழியில் செய்திடலாம்.

1. முதல் படுக்கை வரிசையில் ஆறு தலைப்புகளை டைப் செய்திடவும்: கேள்வி எண், பாடம், மொத்தம், பெற்றது, போனது, காரணம்.

2. அடுத்த வரிசையிலிருந்து ஒரு கேள்விக்கு ஒரு வரிசை. நீங்கள் எழுதியிருக்க வேண்டிய கேள்விகளை மட்டும் சேர்க்கவும். சாய்ஸில் விட்டதைச் சேர்க்க வேண்டாம். இப்போதைய கணக்குத் தேர்வு என்றால் ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7 என 41 வரிசைகள் வரும். மொத்தம் 90. மீதி 10 அகமதிப்பீடு.

3. "போனது" என்ற தலைப்பின் கீழ் முதல் செல்லில் = அடையாளம் டைப் செய்திடவும். பின் அதே வரிசையில் "மொத்தம்" செல்லில் கிளிக் செய்து, - அடையாளம் தட்டி, "பெற்றது" செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டவும். விடை வரும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கடைசி வரிசை வரை இழுத்தால் எல்லாவற்றிற்கும் விடை கிடைத்துவிடும்.

4. "காரணம்" என்பதில் மூன்றில் ஒன்றை மட்டும் எழுதவும்: தெரியாது, தெரிந்தும் தவறு, நேரமில்லை. இதில் உண்மையாக இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. கம்ப்யூட்டருக்கு நீங்கள் பொய் சொல்வது தெரியாது.

வரிசைப்படுத்துதல்

தலைப்பு உட்பட பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் சார்ட் பிரிவைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் பெட்டியில் "காரணம்" நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து ஓகே தரவும். ஒரே காரணம் உள்ள வரிசைகள் ஒன்றாக வந்துவிடும்.

எச்சரிக்கை: ஒரு நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் செய்தால், காரணம் மட்டும் இடம் மாறி வேறு கேள்வியோடு ஒட்டிக்கொள்ளும். நானும் முதலில் இப்படித்தான் குழப்பினேன். அப்படி நேர்ந்தால் உடனே கண்ட்ரோல் மற்றும் இஸட் கீகளைச் சேர்த்து அழுத்தவும். பழைய நிலை திரும்பும்.

இனி ஒவ்வொரு காரணத்திற்கும் உரிய "போனது" எண்களை மவுஸால் தேர்ந்தெடுங்கள். திரையின் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத்தொகை தெரியும்.

எனக்குக் கிடைத்த விடை

போனது மொத்தம் 122. அதில் தெரியாமல் போனது 50. தெரிந்தும் தவறு செய்தது 41. நேரமில்லாமல் விட்டது 31. அதாவது, பாடம் தெரிந்திருந்தும் 72 மதிப்பெண்களைக் கோட்டை விட்டிருந்தேன்.

அடுத்து "பாடம்" வாரியாக சார்ட் செய்து, "தெரியாது" என்றிருந்தவற்றை மட்டும் பார்த்தேன். 50ல் 32 வெக்டர் இயற்கணிதத்தில் போயிருந்தது. 14 பகுமுறை வடிவியலில். "எனக்குக் கணக்கே வராது" என்று நினைத்துக் கொண்டிருந்தவனுக்கு வராதது இரண்டு பாடங்கள்தான் என்று தெரிந்தது.

செய்தவை மூன்று. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விகளை முதல் அரை மணி நேரத்தில் முடித்தேன். அதுவரை கடைசிக்கு ஒதுக்கி, 11 கேள்விகளை வெறுமனே விட்டிருந்தேன். பத்து மதிப்பெண் கணக்குகளில் ஒவ்வொரு படியிலும் கூட்டல், கழித்தல் குறியைச் சரிபார்த்தேன். தினமும் காலையில் ஒரு வெக்டர் கணக்கைப் புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டேன். அரையாண்டில் 118, திருப்புதல் தேர்வில் 143, 2015 மார்ச் பொதுத்தேர்வில் 171. மாநில ரேங்க் எதுவும் இல்லை. ஆனால் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது.

நடுவில் ஒரு தவறும் செய்தேன். பட்டியலுக்குக் கலர் கொடுப்பது, சார்ட் படம் வரைவது என்று இரண்டு வாரம் வீணானது. பட்டியலுக்கு ஒரு தேர்வுக்கு ஒரு மணி நேரம் போதும். பிறகு லேப்டாப்பை மூடிவிட வேண்டும்.

கட் ஆப் கணக்கு

நுழைவுத் தேர்வு 2007ல் நீக்கப்பட்ட பிறகு, தமிழகத்தில் பொறியியல் கவுன்சிலிங்கிற்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. மொத்தம் 200, கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50.

மூன்று செல்களில் நூற்றுக்கான மதிப்பெண்களை அமைத்து, நான்காவதில் ஒரு பார்முலா தரவும்: = தட்டி, கணக்கு செல்லில் கிளிக்; + தட்டி, அடைப்புக்குறி திறந்து, இயற்பியல் செல்லில் கிளிக்; மீண்டும் + தட்டி, வேதியியல் செல்லில் கிளிக்; அடைப்புக்குறியை மூடி /2 என முடித்து என்டர் தட்டவும். 80, 70, 76 என்றால் விடை 153.

அடைப்புக்குறியை மறந்தால் வேதியியல் மட்டும் பாதியாகி 188 என்று வரும். அதைப் பார்த்து இனிப்பு வாங்கிவிடாதீர்கள்!

இப்போது கணக்கில் 10 கூட்டிப் பாருங்கள். கட் ஆப் 10 உயரும். இயற்பியலில் 10 கூட்டினால் 5தான் உயரும். எதற்கு எத்தனை நேரம் ஒதுக்குவது என்று முடிவு செய்ய இது உதவும்.

பைலை சேவ் செய்து, பென் டிரைவிலும் ஒரு நகல் வைத்துக் கொள்ளுங்கள். அரையாண்டு முடிந்ததும் இன்னொரு ஷீட்டில் இதே பட்டியலைத் தயாரித்து, "தெரிந்தும் தவறு", "நேரமில்லை" இரண்டின் கூட்டுத்தொகையும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பட்டியலைப் பிள்ளையே டைப் செய்யட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேளுங்கள், என் அப்பா கேட்டதைப் போல.