மணி பிளான்ட் ஏன் வளர மறுக்கிறது?

கேள்வி: ஹாலில் பாட்டில் தண்ணீரில் வைத்த மணி பிளான்ட் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. வேகமாக வளர என்ன வழி?

பதில்: முதல் குறை வெளிச்சம். பசிபிக் கடலின் மூரியா தீவைச் சேர்ந்த இந்தக் கொடி இருட்டு மூலையிலும் சாகாது, வளரவும் வளராது. நேர் வெயில் படாத ஜன்னலோரத்துக்கு மாற்றினால் துளிர் விடும்.

வெறும் தண்ணீரில் சத்தும் குறைவு. கணுவில் வேர் விட்ட தண்டை, செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடலாம். மேல்மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். தினமும் ஊற்றினால் வேர் அழுகும்.

தொங்கவிடாமல், தென்னை நார் சுற்றிய கம்பில் ஏற்றிக் கட்டினால் இலை பெரிதாகும். மரமேறிய கொடியில் இலை 1 மீட்டர் வரைகூட நீளும்.

இலையைக் கடித்தால் வாய் எரியும். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.