மருத்துவராக விரும்பும் மாணவருக்கு

நுழையும்முன்

மருத்துவராக வேண்டும் என்னும் விருப்பம் மாணவர் பலருக்கு உண்டு. அதற்கான ஆயத்தம் உயர்நிலைப் பள்ளியிலேயே தொடங்குகிறது. அதில் அறிவியலுக்கு உள்ள இடம் யாது, மொழிக்கு உள்ள இடம் யாது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு சொல்லும் ஒரு நோயும்

பெங்களூருவில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, தருமபுரியிலிருந்து வந்திருந்த தன் பாட்டியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மருத்துவர் கன்னடத்தில் வினவினார். பேத்தியே இருவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

"இரண்டு நாளாய் மயக்கமாய் வருதும்மா" என்றார் பாட்டி. பேத்தி அதனைத் "தலெ சுத்து" என்று கன்னடத்தில் கூறினாள். தலை சுற்றுகிறது என்பது அதன் பொருள். மருத்துவர் சற்றுச் சிந்தித்து, "பாட்டி கீழே விழுந்தாரா? விழுந்தபோது நினைவு இருந்ததா?" என்று கேட்டார். மாணவி அதைத் தமிழில் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பாட்டி அடுப்படியில் விழுந்திருக்கிறார். சிறிது நேரம் என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. மருத்துவர் உடனே இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

தமிழில் 'மயக்கம்' என்னும் சொல் தலைச்சுற்றையும் குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும். இவ்விரண்டுக்கும் காரணங்கள் வேறு. செய்ய வேண்டிய சோதனைகளும் வேறு. மறுநாள் அம்மாணவி தன் தமிழாசிரியரிடம் இதனைக் கூறி, "நான் மருத்துவராக வேண்டும். இப்போதே என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். அவ்வினாவுக்கான விடையே இனி வருவது.

முத்துலட்சுமி ரெட்டியின் பள்ளிப் பருவம்

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்தவர் முத்துலட்சுமி. அக்கால வழக்கப்படி, பருவமடைந்தபின் அவர் பள்ளிக்குச் செல்வது நின்றுபோயிற்று. ஆயினும் படிப்பு நிற்கவில்லை. தந்தை நாராயணசாமி கல்வித் துறையில் இருந்தவர். மகள் வீட்டிலிருந்தே கற்க ஏற்பாடு செய்தார். முத்துலட்சுமிக்குக் கண்பார்வையும் உடல்நலமும் குறைவு. எனினும் 1902-ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் அவர் வெற்றி பெற்றார்.

அடுத்து ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு அளித்ததால் 1904-இல் அவருக்கு இடம் கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை அவர் மறக்கவில்லை. 1954-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் அவர்தம் நெடுநாள் உழைப்பின் பயனாகும்.

வகுப்பறையே மறுக்கப்பட்ட நிலையிலும் அவர் நாள்தோறும் கற்பதைக் கைவிடவில்லை. வகுப்பறை வாய்க்கப்பெற்ற நாம் அதனை எவ்வாறு பயன்படுத்துவது?

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில்

செரிமானம், சுவாசம், குருதியோட்டம், கழிவு நீக்கம் ஆகிய உயிர்ச் செயல்முறைகளை உயர்நிலை வகுப்பிலேயே கற்கிறோம். மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுப் பாடமான உடலியங்கியலுக்கு இவையே அடித்தளம். இவற்றை மனப்பாடமாக ஒப்பித்தால் தேர்வோடு மறந்துபோகும். "இதயத்தின் இடக்கீழறைச் சுவர் ஏன் வலக்கீழறைச் சுவரைவிடத் தடித்திருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வலக்கீழறை அருகிலுள்ள நுரையீரலுக்குக் குருதியை அனுப்புகிறது; இடக்கீழறையோ உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. மிகுந்த அழுத்தம் தர வேண்டிய சுவர் தடித்திருக்கிறது. காரணம் விளங்கியபின் அச்செய்தியை மறப்பது அரிது.

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஆங்கிலமும் தேர்ச்சி பெற வேண்டிய பாடமாகும். உயிரியலை விரும்பும் மாணவர் சிலர் கணக்கைப் புறக்கணிக்கின்றனர். இது பிழை. மருத்துவ நுழைவுத் தேர்வில் கணக்குப் பாடம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் இயற்பியல் வினாக்களுக்குக் கணக்கறிவு இன்றியமையாதது. பத்தாம் வகுப்பு முக்கோணவியலை நன்கு கற்றவருக்குப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் எளிதாகும்.

தேர்வும் இடமும்

இளநிலை மருத்துவப் படிப்பில் சேர 'நீட்' என்னும் தேசிய அளவிலான தேர்வை எழுத வேண்டும். 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள்; நேரம் 180 நிமிடங்கள்; மொத்த மதிப்பெண் 720. உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45 என வினாக்கள் அமைந்தன. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாளுக்குள் 17 வயது நிறைவடைதல் வேண்டும். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி.

பெற்றோருடன் வேறு மாநிலத்தில் வாழும் நாம் மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி இடங்களுள் 15 விழுக்காடு அனைத்திந்திய ஒதுக்கீடு. எஞ்சியவை மாநில ஒதுக்கீடு. கர்நாடக ஒதுக்கீட்டில் இடம் கோருவதற்கான தகுதிகளுள் ஒன்று, இம்மாநிலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் படித்து, பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ இங்கேயே முடித்திருத்தல். தந்தையின் வேலை காரணமாக இடையிடையே ஊர் மாறியவர்கள், பயின்ற ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழைப் பெற்றுப் பாதுகாத்தல் நலம். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். ஆதலால் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பெற்றோருடன் அமர்ந்து படியுங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே இதனை அறிந்தவர் கடைசி நேரத்தில் கலங்க வேண்டியதில்லை.

செவியும் ஒரு கருவி

நோயை அறிய மருத்துவர் முதலில் செய்வது, நோயாளி கூறுவதைக் கேட்பதே. வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! ஊசியால் குத்துவது போன்றது குத்தல். நெருப்புப் பட்டது போன்றது எரிச்சல். காதினுள்ளும் எலும்பினுள்ளும் துளைப்பது போன்றது குடைச்சல். நெடுந்தூரம் நடந்த காலில் தோன்றுவது உளைச்சல். தசை இறுகுவது பிடிப்பு. உணர்வு குன்றுவது மரத்துப்போதல். இவை ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தடயம். நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி இடக்கைக்கும் பரவுகிறது என்று ஒருவர் கூறினால், இதயத் தசைக்குக் குருதி குறைகிறதோ என்று மருத்துவர் ஐயுறுவார். 'நெஞ்சு எரிகிறது' என்றால் இரைப்பை அமிலத்தை நினைப்பார்; எனினும் அச்சொல்லோடு நிறுத்தாமல் மேலும் வினவுவார்.

இந்தியாவில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டத்தில், தொடக்கப் பயிற்சியிலேயே வட்டார மொழி சேர்க்கப்பட்டுள்ளது. நோயாளியோடு உரையாடும் முறையும் கற்பிக்கப்படுகிறது. பெங்களூரு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் ஒரே வரிசையில் ஒலிக்கின்றன. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் நீங்கள், பிறர் கல்லூரியில் கற்கத் தொடங்குவதை இப்போதே பெற்றிருக்கிறீர்கள். தமிழில் 'நோவு' என்பதைக் கன்னடத்தாரும் 'நோவு' என்றே கூறுவர். இரு மொழிகளையும் பிழையறக் கற்பது மருத்துவ ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

அம்மாணவி இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் பாட்டி கூறும் சொற்கள். எதிர்ப்பக்கம் கன்னடச் சொற்கள். அதன் முதல் வரியில் 'மயக்கம்' என்று எழுதி, அதற்கு நேரே இரண்டு சொற்களை எழுதியிருக்கிறாள்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்று, மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழில் வெளியிட்டார்.

சொல்லும் பொருளும்

இசைவு – சம்மதம்
குருதி – இரத்தம்
தடயம் – அறிய உதவும் அடையாளம்
வினவுதல் – கேட்டறிதல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. 'மயக்கம்' என்னும் சொல்லின் இரு பொருள்கள் யாவை? அவற்றை வேறுபடுத்தி அறிய மருத்துவர் என்ன கேட்டார்?
2. முத்துலட்சுமி ரெட்டியின் படிப்புக்கு நேர்ந்த தடைகளைத் தொகுத்து எழுதுக.
3. பிரித்து எழுதுக: நினைவிழப்பு, குருதியோட்டம், கண்பார்வை.
4. 180 வினாக்களுள் 150-க்கு விடையளித்த ஒருவர் 120 சரியாகவும் 30 தவறாகவும் எழுதினார். அவர் பெற்ற மதிப்பெண் எவ்வளவு?
5. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உடல்நலக் குறைவைக் கூறப் பயன்படுத்தும் சொற்கள் பத்தைக் கேட்டு எழுதுக. அவற்றுக்கு நேரான கன்னடச் சொற்களை நண்பர்களிடம் கேட்டு, எதிரே தமிழ் எழுத்தில் குறிக்க.