வண்டித் தடங்காட்டி: வாடகையா, சொந்தமா?

நம் வணிகப் பெருமக்களில் பலர் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட வேன்களையும் லோரிகளையும் வைத்துத் தொழில் நடத்துகின்றனர். விடியுமுன் செலாயாங் மொத்தச் சந்தையில் ஏற்றிய காய்கறி பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு வந்து சேர வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துக்குப் போக வேண்டும். வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளி அறிந்திருப்பது ஆடம்பரமன்று, அவசியம். அதற்கான ஜி.பி.எஸ். கருவியை விலைக்கு வாங்குவதா, மாத வாடகைக்கு எடுப்பதா என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் கருவியின் தன்மையை அறிதல் நலம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களுள் குறைந்தது நான்கின் சைகையைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால், கணித்த இடத்தை நமக்கு அனுப்பச் சிம் அட்டையும், அதை வரைபடத்தில் காட்டக் கணினிச் சேவையும் வேண்டும். இவ்விரண்டுக்கும் செலவுண்டு. ஆகவே, “வாங்கிவிட்டால் பிறகு செலவே இல்லை” என்று எவரேனும் சொன்னால், அதை அப்படியே நம்பிவிடலாகாது.

இனி ஒரு கணக்குப் போடுவோம். விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்ட தொகைகள் இவை. கருவியின் விலை 400 வெள்ளி, மாதச் சேவைக் கட்டணம் 25 வெள்ளி என்க. வாடகைக்கு எடுத்தால் முன்பணமின்றி, சேவை உட்பட மாதம் 45 வெள்ளி என்க. மாத வித்தியாசம் 20 வெள்ளி. 400-ஐ 20-ஆல் வகுத்தால் 20 மாதங்கள். அதற்குள் நிறுத்துபவருக்கு வாடகை மலிவு. அதற்கு மேல் ஓட்டுபவருக்குச் சொந்தம் மலிவு. மூன்றாண்டில் வாங்கியவருக்கு 1,300 வெள்ளியும், வாடகைக்காரருக்கு 1,620 வெள்ளியும் ஆகும்.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. வாடகை ஒப்பந்தம் 36 மாதங்களுக்கு எழுதப்பட்டு, பத்தாம் மாதத்தில் வியாபாரம் சுருங்கினால் என்ன ஆகும்? எஞ்சிய 26 மாத வாடகையையும் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், வண்டிக்கு 1,170 வெள்ளி; ஆறு வண்டிகளுக்கு 7,020 வெள்ளி! மலிவென்று எண்ணியது கழுத்தை நெரிக்கும்.

சொந்தமாக வாங்குவோருக்கும் ஓர் ஆபத்துண்டு. மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி அலைவரிசைச் சேவை நிறுத்தப்பட்டது. 3ஜி-யை மட்டுமே நம்பிய கருவிகள் பழுதின்றியே பயனற்றுப் போயின. விலை கொடுத்தவருக்கே நட்டம். எனவே வாங்குபவர் 4ஜி-யில் இயங்கும் கருவியையே கேட்டு வாங்குக. வாடகைக்கு எடுப்பவர், அலைவரிசை மாறினால் இலவசமாகக் கருவியை மாற்றித் தருவதாக எழுதி வாங்குக.

இஜாரா எனும் வாடகை உடன்படிக்கையின் சட்டம் நாம் அறிந்ததே. அதில் பொருளின் பயன்தான் நமக்கு விற்கப்படுகிறது, பொருள் உரியவருடையதே. நம் கவனக்குறைவின்றி அது பழுதானால், பாரம் உரியவரைச் சாரும். ஆயினும், “எல்லாப் பழுதும் வாடகைக்காரர் பொறுப்பு” என்று சில தாள்களில் அச்சிட்டிருக்கும். கையொப்பமிடுமுன் அவ்வரியைத் திருத்தச் சொல்லுங்கள்.

வரியையும் மறவாதீர். தொழிலுக்காகக் கட்டும் வாடகையை வியாபாரச் செலவாகக் கழிக்கலாம். வாங்கினால், 2020 வரி ஆண்டு முதல் 2,000 வெள்ளிக்கு மேற்படாத ஒவ்வொரு சிறு சாதனத்தின் முழு விலையையும் அவ்வாண்டிலேயே கழிக்க இடமுண்டு. 2025 ஜூலை 1 முதல் சேவை வரி வாடகைக்கும் விரிவாக்கப்பட்டதால், சொல்லும் தொகையில் வரி சேர்ந்துள்ளதா எனக் கேளுங்கள்.

2025 ஜூன் 9-ல் கெரிக் அருகே பேருந்து விபத்தில் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதி கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்தது. லோரி வைத்திருப்போர் தங்கள் உரிமத்தின் நிபந்தனையை அபாட் அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓட்டுநரிடம் மறைத்துக் கருவியைப் பொருத்துவது தகாது. அவர் போக்குவரவும் அவரைப் பற்றிய தகவலே. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பிலுள்ளது. எதற்காகப் பொருத்துகிறோம், யார் பார்ப்பார் என்று அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள். நம்பி வேலை செய்பவரைக் கள்வராக நடத்தினால், கருவி காக்கும் பொருளைவிட இழக்கும் நல்லுறவு பெரிது.

முடிவாக, நிலையான வாடிக்கையும் இரண்டாண்டுக்கு மேல் ஓடும் வண்டியும் உள்ளவர் வாங்கலாம். புதிதாகத் தொழில் தொடங்கியவரும், பெருநாள் காலத்துக்கு மட்டும் வண்டி கூட்டுபவரும், மாதா மாதம் நிறுத்தக்கூடிய வாடகையை நாடலாம். எவ்வழியாயினும் பழுது யார் பொறுப்பு, இடையில் நிறுத்தினால் என்ன கட்டணம், பதிவான தகவல் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் தாளில் காணாமல் பேனாவை எடுக்காதீர்.