மெல்லிய நரம்புக்கு எத்தனை சுற்று?

கம்பம் பள்ளத்தாக்கில் தூண்டில் போடுகிறவர்களின் கைப்பழக்கம் வைகை அணையிலும் முல்லையாற்றிலும் கண்மாய்களிலும் வந்தது. கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்திக்குத் தடித்த தங்கூஸ் நரம்பு போதும். முள்ளின் காதில் நரம்பைக் கோத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சாதா முடிச்சுப் போட்டு, பல்லில் கடித்து வெடுக்கென்று இழுத்தால் வேலை முடிந்தது. அதே கை போடிமெட்டு ஏறி, மூணாறுப் பக்கம் அனுமதிச் சீட்டு வாங்கி ட்ரவுட்டுக்குத் தூண்டில் வீசும்போது, மீன் கடித்த மறுநொடியே நரம்பு முள் இல்லாமல் திரும்பி வருகிறது. நரம்பு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குற்றம் பெரும்பாலும் முடிச்சில்தான் இருக்கிறது. அதிலும் எந்த முடிச்சைப் போட்டோம் என்பதைவிட, நரம்பின் தடிமனைப் பார்க்காமல் கட்டியதும் ஈரப்படுத்தாமல் இறுக்கியதும்தான் காரணம்.

ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். சின்னமனூர் வாய்க்காலில் அதை எதிர்பார்க்க முடியாது. நீலகிரியில் 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்த்தார்கள். மூணாறு மலையில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஓடைகளில் கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. தடித்த நரம்பு மீனின் கண்ணில் படும். ஓட்டம் அதை இழுப்பதால் இரையும் இயல்பாக மிதந்து போகாது. ஆகவே 0.18, 0.20 மி.மீ. நரம்புக்கு இறங்க வேண்டியிருக்கிறது. கணக்கு மாறுவது இங்கேதான். நரம்பின் வலு குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் வலு கால்வாசியாகிவிடும். 0.40 மி.மீ. நரம்பு 10 கிலோ தாங்கினால், அதே ரகத்தில் 0.20 மி.மீ. தாங்குவது இரண்டரை கிலோ. சாதா முடிச்சு நைலானின் வலுவில் ஏறத்தாழ பாதியைத் தின்றுவிடும். தடித்ததில் பாதி போனாலும் 5 கிலோ மிஞ்சும்; மெல்லியதில் மிஞ்சுவது ஒன்றேகால் கிலோ. ‘என் முடிச்சுல அஞ்சு கிலோ கட்லாவே ஏறியிருக்கு’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மீனைத் தாங்கியது நரம்பில் இருந்த உபரி வலு, முடிச்சல்ல. ட்ரவுட் அரைக் கிலோதானே என்பதும் சமாதானமாகாது. ஓட்டத்துக்குள் பாய்ந்து தலையைச் சிலுப்பும்போது அது கொடுக்கும் வெட்டிழுப்பு அதன் எடையைவிடப் பல மடங்கு.

அப்படியானால் என்ன கட்டுவது? முள்ளுக்கு நான் சொல்வது யூனி முடிச்சு. நரம்பைக் காதில் நுழைத்து ஒரு சாண் வெளியே எடுங்கள். அந்த முனையை மெயின் நரம்போடு சேர்த்துப் பிடித்து, முள்ளை நோக்கி மடக்கி ஒரு வளையம் விடுங்கள். பிறகு முனையை வளையத்துக்குள்ளாகவே விட்டு, இரண்டு நரம்பையும் சேர்த்துச் சுற்றுங்கள். 0.20 மி.மீ.க்கு ஆறு சுற்று, 0.40 மி.மீ.க்கு நான்கே போதும். சுற்றுகள் இழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு வாங்கிக்கொள்வதால், ஒரே வளைவில் பாரம் முழுவதும் விழுவதில்லை. மெல்லிய நரம்பில் சுற்று குறைந்தால் வழுக்கும்; தடித்ததில் கூடினால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரியாக உட்காராது. அடுத்ததுதான் முக்கியம். இறுக்குவதற்கு முன் எச்சிலோ ஓடைத் தண்ணீரோ தொட்டு நனைத்து, மெதுவாக, நிறுத்தாமல் இழுங்கள். உலர்ந்த நைலானை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் முடிச்சுக்கு மேலே அரை அங்குலம் நெளிந்துவிடும். அந்த நெளிவைக் கண்டால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். முள் போய்த் திரும்பிய நரம்பின் நுனியே சாட்சி சொல்லும். சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்தது. சுருளில்லாமல் மொட்டையாக இருந்தால் முடிச்சிலேயே அறுந்தது. நுனிக்கு மேலும் சொரசொரப்பாக இருந்தால் பாறையில் தேய்ந்தது. மூன்றாவது வகையில்கூடக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

பாலமர்தான் உலகத்திலேயே வலுவான முடிச்சு, முடிச்சுகளின் வலுவைச் சோதித்த பட்டியல்களில் அதுதான் முதலிடம் என்று வாதிடுவோர் உண்டு. நரம்பை இரட்டையாகக் காதில் கோத்துக் கட்டுவதால் அது வலுவானது என்பதில் சந்தேகமில்லை; வழுவழுப்பான பின்னல் நரம்புக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் ட்ரவுட்டுக்கான பொய் ஈ முள்ளின் காதில் இரட்டை நரம்பு எளிதில் நுழையாது. மூமுள் கொண்ட ஸ்பின்னரை வளையத்துக்குள் முழுதாக நுழைத்தெடுப்பதும் குளிரில் விறைத்த விரலுக்கு வேதனை. பட்டியல் சோதனைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் சீராக இழுத்துப் பார்த்தவை. தப்பில்லாமல் கட்டிய யூனி, பாதி தப்பாகக் கட்டிய பாலமரைவிட மேல். ஸ்னாப் ஸ்விவல் மாட்டினால் முடிச்சுத் தொல்லையே இல்லை என்பது இன்னொரு வாதம். அந்த ஸ்விவலையும் ஒரு முடிச்சால்தானே கட்ட வேண்டும்? போதாக்குறைக்கு அதன் கனம் இரண்டு கிராம் இரையின் ஆட்டத்தைக் கெடுக்கும். ஆடி வர வேண்டிய சின்ன மீன் பொம்மைக்கு, இறுகாத வளையம் விட்டுக் கட்டும் முடிச்சே சரி. நம் திராட்சைப் பந்தலில் கொடி கட்டுகிறவர் கம்பியில் இறுக்கி, தண்டில் தளர விடுவாரே, அந்த நியாயம்தான்.

இரண்டு நரம்பை இணைக்க சர்ஜன் முடிச்சு போதும்: இரண்டையும் சேர்த்துப் பிடித்து வளையமாக்கி, முனைகளை மூன்று முறை உள்ளே விட்டு, நனைத்து, நான்கு நுனியையும் ஒன்றாக இழுக்க வேண்டும். நுனியை ஒட்ட நறுக்காமல் 2 மி.மீ. விடுங்கள், பாரம் விழும்போது முடிச்சு சற்றே நகரும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முள்ளிலிருந்து ஒரு சாண் தூரம் நரம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டுப்பட்டால் அந்தச் சாணை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.