விரிசல் யார் கணக்கு?

கீழ் போர்ஷன்ல டைல்ஸ் போயிருக்கு, அட்வான்ஸ்ல பிடிச்சுக்கலாமான்னு கேட்டியே தங்கச்சி! பிடிக்கலாம். ஆனா அதுக்கு முன்னால இதையெல்லாம் பாரு.

1. விரிசல் போற வழியைப் பாரு. நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் நிறைய இடம் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கிப் பிளக்கும். மேல இருக்கிற தரையும் கூடவே அசையும். நாலஞ்சு டைல்ஸைத் தாண்டி ஒரே கோடா விரிசல் ஓடுனா, பெரும்பாலும் அது மண்ணு பண்ற வேலை. ஒரே டைல்ஸ்ல சில்லு பேந்து, அங்கிருந்து நாலாபக்கமும் கோடு கிளம்பியிருந்தா, எதையோ போட்டு உடைச்சிருக்காங்க.

அரியலூர்ல நாங்க வாடகைக்கு இருந்தப்போ ஹால் விரிசலுக்குன்னு ஓனர் எங்க அட்வான்ஸ்ல பிடிச்சாரு. அதே விரிசல் சுவருக்கு அடியில பூந்து அவரு ஹால் வரைக்கும் போயிருந்துச்சு!

2. காசால தட்டிப் பாரு. பொள்ளுன்னு சத்தம் வந்தா அடியில கலவை நிரம்பலைன்னு அர்த்தம். அந்தக் குறை கொத்தனாரோடது, குடியிருந்தவங்களோடது இல்ல.

3. தேய்மானம் வேற, சேதம் வேற. ரெட் ஆக்சைடு தரை மங்குறதும், பீரோ கால் பதிஞ்ச தடமும் புழங்குன அடையாளம். அதுக்குப் பிடிக்கக் கூடாது. ஆசிட் ஊத்தி மொசைக் பொரிஞ்சு போனது, கட்டிலைத் தரதரன்னு இழுத்த ஆழமான கீறல், சிலிண்டரைப் போட்டு உடைச்ச டைல்ஸ் - இதுக்கெல்லாம் பிடிக்கலாம். தமிழ்நாட்டுல 2019-ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் சாதாரணத் தேய்மானத்தைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் பார்க்கச் சொல்லுது.

4. உடைஞ்சது ரெண்டுன்னா ரெண்டுக்குத்தான் காசு. டைல்ஸ் விலை, சிமென்ட், கொத்தனார் கூலி, அவ்வளவுதான். டிசைன் கிடைக்கலைன்னு ஹால் முழுக்கப் புதுசா போட்டு அவங்க தலையில கட்டாதே. பதினஞ்சு வருஷத் தரைக்குப் புது விலை கேட்கிறதும் நியாயம் இல்ல.

5. சாமான் ஏத்தி முடிச்சதும், அவங்களையும் வெச்சுக்கிட்டு ரூம் ரூமாப் பாரு. பிடிக்கிற தொகையைத் தாள்ல எழுதி, பில்லோட கையில கொடு. மீதி அட்வான்ஸை, காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். இதுவும் அதே சட்டத்துல இருக்கு.

6. அடுத்து வர்றவங்களுக்குச் சாவி கொடுக்குறதுக்கு முன்னால, காலி வீட்டுத் தரையை நல்ல வெளிச்சத்துல வீடியோ எடுத்து அவங்களுக்கும் அனுப்பு. ஏற்கெனவே இருக்கிற விரிசலை அக்ரிமென்ட்லயே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

7. இனி டைல்ஸ் வாங்குனா ஒரு பெட்டி சேர்த்து வாங்கிப் பரண்ல போட்டு வை. அதே டிசைன் கேட்டா, ரெண்டு வருஷம் கழிச்சு எந்தக் கடைக்காரரும் உதட்டைத்தான் பிதுக்குவாரு.