படுக்கையின் நான்கு மூலைகள்



இம்முறை நம்முடைய வேதபாடத்துக்கு மாற்கு 2-ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களை எடுத்துக்கொள்வோம். வேதாகமத்தைத் திறந்து அந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டு இதைத் தொடருங்கள். ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே நமக்குத் தெரிந்த சம்பவம்தான். கப்பர்நகூமில் ஒரு வீடு. வாசலிலும் நிற்க இடமில்லாத கூட்டம். நடக்கமுடியாத திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். உள்ளே நுழைய வழியில்லாமல் கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை ஆண்டவருக்கு முன்பாக இறக்குகிறார்கள். மத்தேயுவும் லூக்காவும் இதை எழுதியிருந்தாலும், சுமந்தவர்கள் நான்கு பேர் என்று எண்ணிச் சொல்லுகிறவர் மாற்கு மாத்திரமே.

படுக்கைக்கு மூலைகள் நான்கு. மருத்துவமனையில் பணிசெய்கிற எங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அசையமுடியாத ஒருவரை ஒரே ஆள் தூக்கப் பார்த்தால் நோயாளி சரிந்துவிடுவார், தூக்கியவருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதுகுத்தண்டில் அடிபட்டவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும். பகலில் மட்டுமல்ல, நடு இரவிலும் அப்படித்தான். வார்டில் இருக்கும்வரை நர்சுகள் மாறிமாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போனபிறகு அந்த அலாரம் கடிகாரம் மனைவியின் தலைமாட்டுக்கு வந்துவிடுகிறது.

எங்களில் சிலர் ஆராதிக்கிற சபையில் ஒரு குடும்பம் உண்டு. கணவர் கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். முதல் மாதத்தில் சபையே திரண்டு வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில்களும் சாத்துக்குடியும் கட்டிலுக்கடியில் குவிந்தன. பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஜெப விண்ணப்பங்களில் அவர் பெயர் தவறாமல் வாசிக்கப்பட்டது; நாமும் தவறாமல் ஆமென் சொன்னோம். எட்டாவது மாதத்தில்தான் எங்களில் இருவர் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வெட்கத்தோடு இதை எழுதுகிறோம்.

அந்த மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் ஜெபம் பண்றீங்க, சந்தோஷம்தான் அக்கா. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணிநேரம், இவரைப் பார்த்துக்க யாராச்சும் வருவாங்களா? நான் கோயிலுக்கு வந்து எட்டு மாசமாச்சு."

கணவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எல்லாம் என்னாலதான்" என்றார்.

இப்போது 5-ஆம் வசனத்தைப் பாருங்கள். ஆண்டவர் சுமந்துவந்தவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார். படுத்திருந்தவனையோ முதலில் "மகனே" என்று அழைத்தார். எழுந்து நடக்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். தான் மற்றவர்களுக்குப் பாரம் என்று எண்ணுகிறவர்கள் எங்கள் வார்டுகளில் அநேகர் உண்டு. வலியைவிட அந்த எண்ணமே அவர்களை அதிகமாய் வாட்டுகிறது. நடக்கிறதற்கு முன்பே அவன் மகன்தான்.

எல்லாரும் எழுந்து நடப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் சிக்கிக் கால்களின் செயலை இழந்தார். அவருக்காக ஜெபித்தவர்கள் எத்தனையோ பேர். அவர் நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மேல்படிப்பு முடித்து வந்து, தம்மைப் போன்றவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். அவரை மறுபடியும் அறுவை அறைக்குக் கொண்டுபோகவும் பல கைகள் தேவைப்பட்டன.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காலத்துக் கலிலேயாவில் சாதாரண வீட்டுக்கு உத்திரங்களின்மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசுவார்கள். தட்டோடுகள் என்று லூக்கா எழுதுகிறார். எதுவானாலும் மறுநாள் அதை யாரோ சரிசெய்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, வேதம் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு சபையில், சக்கர நாற்காலி ஏறுவதற்காக வாசல்படியில் ஒரு பகுதியை இடித்துச் சரிவுப்பாதை போடவேண்டும் என்றபோது, முகப்பின் அழகு கெட்டுவிடும் என்று கமிட்டியில் மூன்று கூட்டங்கள் வாக்குவாதம் நடந்தது. தாத்தா காலத்துக் கருங்கல் படி என்று ஒருவர் கண்கலங்கவே செய்தார். அவர்மேலும் நமக்கு வருத்தமில்லை. கூரை இழப்பது லேசான காரியமல்ல.

பிரியமான ஆதரவாளர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கைகளால் சக்கர நாற்காலிகளும் காற்று மெத்தைகளும் வாங்குகிறோம். தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆனால் ஞாயிறு காலை 2 மணி நேரத்தை எங்களால் வாங்கி அனுப்ப முடிவதில்லை. அது அந்தந்தத் தெருவிலிருந்துதான் வரவேண்டும். உங்கள் சபையின் ஜெபக் குறிப்பில் மாதக்கணக்காக இருக்கிற பெயர் எது, அந்த வீட்டில் யார் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று இவ்வாரக் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.

எங்கள் சபையில் மாதர் சங்கத்தார் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். புரட்டிப் படுக்கவைப்பதை எங்கள் நர்ஸ் ஒருவர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு தம்பிமாரும் சேர்ந்துகொண்டார்கள். கொத்தனாருக்கு அவர்களோடு கிரிக்கெட் பேசப் பிடித்திருக்கிறது. அந்த முதல் ஞாயிறு அவருடைய மனைவி கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தார். முதல் பாட்டை முழுவதும் பாடினார். பிரசங்கம் தொடங்கிய சற்று நேரத்தில் தூங்கிப்போனார். பக்கத்திலிருந்த பாட்டி அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். ஆராதனை முடியும்வரை யாரும் அவரை எழுப்பவில்லை.